சங்கிலி பிடிப்பவரின் காது

சிரில் ஹுடாக் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பேருந்து எஞ்சினே சூடாகிவிடும் என்று பணிமனையில் கேலி செய்வார்கள். ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் குளிரில் டீசல் எஞ்சின் சூடாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கேலியின் முழு எடையும் புரியும். அவருக்குப் பேச்சு வராது என்பதல்ல. எல்லாரும் பேசி முடித்துவிட்ட இடத்தில் தன் சொல்லை எங்கே வைப்பது என்று தேடுகிறவர். தேடுவதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

பகலெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்துகளின் அடியில் படுத்துக் கிடப்பார். இலையுதிர்கால வெள்ளிக்கிழமைகளில் உயர்நிலைப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து மைதானங்களின் ஓரத்தில் ஓர் ஆரஞ்சுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பந்து வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜம் வேறெதுவும் இல்லை, சிரிலின் கம்புக்கும் இன்னொருவர் கம்புக்கும் நடுவில் கிடக்கும் சங்கிலிதான். பந்து நகர்ந்தால் அவர்களும் நகர்வார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்களில் அவர்களைப் பார்க்கிறவர் யாருமில்லை. சிரிலுக்கு அது பிடித்திருந்தது.

சங்கிலிக்காரர்களுக்குத் தலைவர் சால் கார்போனி. காப்பீட்டு முகவர், வாய் ஓயாதவர். ஆனால் மைதானத்துக்குள் வந்துவிட்டால் அவரும் கல்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்வது மூன்றே விஷயம்: "கண்ணு நடுவர் மேல. கை கம்பு மேல. காதை வீட்டுல கழட்டி வெச்சிட்டு வா."

காதைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. சங்கிலி எப்போதும் வெளியூர் அணி நிற்கும் பக்கத்தில்தான் இருக்கும். வெளியூர்ப் பயிற்சியாளர்கள் இவர்களுடைய தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் திட்டுவார்கள், திட்டம் போடுவார்கள், அழக்கூடச் செய்வார்கள். அங்கே கேட்டது எதிர்ப்பக்கம் போகக் கூடாது. ஆட்டம் முடிந்த பிறகும் கூடாது. அந்தப் பருவம் முடியும்வரை மனைவியிடம்கூடக் கூடாது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் அது. மீறினவர் யாரும் இருந்ததாகச் சாலுக்கு நினைவில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் யங்ஸ்டவுனுக்கு ஒரு தொழில்முறை அணி வந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக ஊரை விட்டுப் போகும் செய்திகளுக்கே பழகிவிட்ட ஊர். ஒன்று வந்து சேர்ந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. புதிதாகத் தொடங்கிய வசந்தகால லீக், பத்து ஆட்டம், அணியின் பெயர் ஹேமர்ஸ். பெரிய லீக் கழித்துவிட்டவர்களும் அதன் கதவு வரை போய்த் திரும்பியவர்களும்தான் ஆட்டக்காரர்கள். இங்கே நன்றாக ஆடினால் அந்தக் கதவு இன்னொரு முறை திறக்கலாம். அந்த அணியின் கடைசி இடத்தில், எண்பத்து நாலாம் எண் சட்டையில், பந்து பிடிக்கும் ஓட்டக்காரனாகச் சேர்ந்தான் சிரிலின் மகன் கோரி. அதுவரை மளிகைக் கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவன்.

அணி உள்ளூர் சங்கிலிக்காரர்களையே அமர்த்திக்கொண்டது. சால் நேரே பணிமனைக்கு வந்து, பேருந்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த கால்களிடம் பேசினார்.

"சிரில், உன் பையன் ஆடறான். நீ ஒதுங்கிக்கறதுன்னா ஒதுங்கிக்கோ. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"லீக்ல என்ன சொன்னாங்க?"

"கேட்டேன். கம்பு பிடிக்கறவனுக்குப் பையன் இருந்தா என்ன, பேரன் இருந்தா என்னன்னாங்க. வாய் மூடியிருந்தாப் போதுமாம். உன்னை அவங்களுக்குத் தெரியாதுல்ல."

ஸ்பானரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. "நிக்கறேன்," என்றார் சிரில்.

இருக்கைகளில் உட்கார்ந்து பார்ப்பதை நினைத்தாலே அவருக்குக் கூச்சம். மனைவி லொரெய்ன் பக்கத்தில் இருந்தால் நாலு வரிசைக்குக் கேட்கும்படி கத்துவார். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கம்போடு நின்றால் மகன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். தன் வழியில் மகனுக்கு அருகே இருப்பது இதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். கோரி அப்படி நினைத்ததில்லை.

முதல் உள்ளூர் ஆட்டத்தில் கோரி இரண்டு பந்து பிடித்தான். அணியும் வென்றது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் லொரெய்ன் அந்த இரண்டையும் முள்கரண்டியால் நடித்துக் காட்டினார். முட்டைக்கோஸ் சுருளை வெட்டிக்கொண்டே கோரி சொன்னான், "அம்மா, அப்பாவைக் கேளேன். பக்கத்துலயே நின்னார்ல. நான் எப்படிப் பிடிச்சேன்னு சொல்லட்டும்."

"நல்லா இருந்தது," என்றார் சிரில்.

"எது? கம்பா?"

லொரெய்ன் சிரித்துவிட்டார். சிரிலும் சிரித்தார். கோரி சிரித்தான், ஆனால் தட்டைப் பார்த்துக்கொண்டு.

இரண்டாவது உள்ளூர் ஆட்டம் ஒமஹா அணியோடு. ஓரத்தில் ஒதுக்கிய பனி சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்தது. ஒமஹாவின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டே இருந்த ஒரு பெரிய உடம்புக்காரர். ஆட்டத்தின் முதல் கால்பகுதி முடியும் முன்னே, சிரிலின் காதுக்கு ஒரு முழம் பின்னால் நின்று, தன் ஆட்டக்காரன் ஒருவனின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எண்பத்து நாலைப் பாத்தியா? வரிசைக்கு வந்து நிக்கறப்போ வலது கையைத் தொடையில துடைச்சான்னா பந்து அவனுக்குத்தான் வருது. துடைக்கலேன்னா சும்மா ஓடறான். அவன் மூஞ்சியப் பாக்காத. கையப் பாரு."

சிரில் நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவராலும் கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அது உண்மைதான். அணியோடு வட்டமாகக் கூடிப் பேசிவிட்டு வரிசைக்கு வரும் கோரி, பந்து தனக்கு என்று முடிவாகியிருந்தால், குனிவதற்கு முன் உள்ளங்கையை ஒரு தரம் தொடையில் இழுத்துத் துடைத்தான். அவனுக்கே தெரியாமல் நடந்தது அது. மூன்று முறை துடைத்தான், மூன்று முறையும் தடுப்பவன் அவனுக்கு முன்னே போய் நின்றான். மூன்றாவது பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டான். சூரியகாந்தி விதைக்காரர் யாரையும் பார்க்காமல் தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சிரிலுக்குத் தெரியும். ஸ்பானரை எடுக்கும் முன் கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைப்பது அவருடைய பழக்கம். கராஜின் மூலையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் அவன்.

திங்கட்கிழமை தலைமைப் பயிற்சியாளர் கோரியைக் கூப்பிட்டுப் பேசினார். இன்னும் சில ஆட்டம் பார்ப்பாராம். தேறாவிட்டால் டெக்ஸாஸிலிருந்து வேறொருவன் வரக் காத்திருக்கிறானாம். கோரி வீட்டுக்கு வந்து, ஆட்டத்தின் பதிவைக் கணினியில் போட்டு, ஓட விட்டு நிறுத்தி, ஓட விட்டு நிறுத்திப் பார்த்தான். ஒவ்வொரு முயற்சியின் பதிவும் பந்து நகரும் நொடியில்தான் தொடங்கியது. அதற்குள் கை துடைத்து முடிந்திருந்தது.

"எனக்கு முன்னாடி அவனுக்கு எப்படித் தெரியுது?" என்றான். பிறகு திரும்பினான். "அப்பா. நீ எங்கிட்டருந்து பத்தடியில நிக்கற. நான் ஏதாவது தப்பாப் பண்றனா? உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

அந்தப் பதில் சிரிலின் நாக்கு நுனி வரை வந்தது. அது அவருடைய சொல்லாக இருந்தால் சொல்லியிருப்பார். இன்னொருவர், இவர் ஒரு மரம் என்று நம்பிப் பேசியது.

"நான் நடுவரைப் பாத்துட்டிருந்தேன்டா."

"ஆமா. தெரியும்," என்று கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தவக்காலம் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்தின் நிலவறையில் பியரோகி கொழுக்கட்டை விற்பார்கள். லொரெய்ன்தான் சமையலறைப் பொறுப்பு. உருளைக்கிழங்குப் பூரணத்தை மாவில் வைத்து ஓரம் மடிக்கும் பெண்கள் ஒரு பக்கம், வெண்ணெயும் வெங்காயமும் மணக்கும் வரிசை ஒரு பக்கம். சால் கார்போனியைத் தேடிப் பிடித்து, மடக்கு நாற்காலிகள் அடுக்கிய மூலைக்குக் கூட்டிப் போனார் சிரில்.

"சால், ஒருத்தன் ஒண்ணு கேட்டுட்டான்னு வெச்சுக்கோ—"

"சொல்லாத."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல."

"உன் மூஞ்சி ரெண்டு நாளா சொல்லிட்டிருக்கு. ஒமஹாதானே? அந்த விதை துப்பறவன்?"

சிரில் சொல்லிவிட்டார். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாலும் அதே ஓரத்தில் நிற்பவர், அவரிடம் சொன்னால் எதிர்ப்பக்கம் போனதாகாது என்று தனக்குள் ஒரு கணக்கு. சால் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்.

"கஷ்டம்தான்," என்றார் கடைசியில். "என் பையனா இருந்தா நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதனாலதான் என் பையன் ஆடின வருஷம் நான் கம்பு பிடிக்கல. உனக்கு அப்பவே சொன்னேன், ஒதுங்கிக்கோன்னு."

"இப்ப ஒதுங்கினா?"

"ஒதுங்கலாம். கேட்டதை எங்க கொண்டு போய் ஒதுக்குவ?" சால் குரலைத் தணித்துக்கொண்டார். "அவங்க நம்ம முன்னாடி வாயத் தெறக்கறாங்கன்னா, நாம இல்லேன்னு நெனைக்கறதாலதான். ஒரு தரம் இருந்துட்டோம்னு வெச்சுக்கோ, அப்புறம் எந்த ஊர்க்காரனும் நம்ம சங்கிலிய நம்ப மாட்டான். பத்து கஜத்தையும் நம்ப மாட்டான். ஏப்ரல் கடைசில ஆட்டமெல்லாம் முடியுது. முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே சொல்லு. நானே கூட வரேன்."

"அதுக்குள்ள அவனைத் தூக்கிருவாங்க."

"தூக்கலாம்," என்றார் சால்.

அடுத்த இரண்டு ஆட்டமும் வெளியூரில். தொலைக்காட்சியில் பார்க்கும்போது சிரிலுக்கு ஒரு வழி தோன்றியது. கோரி கை துடைப்பதைத் தானே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டால், அது எல்லாரும் பார்க்கக்கூடியது. யாரும் நம்பி ஒப்படைத்ததல்ல. சொல்லலாம். சோபாவை விட்டு இறங்கித் திரைக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணு போயிடும்," என்றார் லொரெய்ன். "அப்படி என்னத்தத் தேடற?"

"சும்மா."

ஒளிப்பதிவாளர் எப்போதும் பந்து எறிபவனையே காட்டினார். ஒரே ஒரு முறை, இரண்டாவது ஆட்டத்தின் கடைசியில், கோரி வரிசைக்கு வருவது திரை முழுக்கத் தெரிந்தது. இடுப்பு வரை. கை கீழே போனது. அதற்குக் கீழே விளம்பரப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. சிரில் அந்தப் பட்டையை விரலால் தொட்டு நகர்த்தப் பார்த்ததை லொரெய்ன் கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு ஆட்டத்திலும் கோரிக்கு ஒரு பந்தும் கிடைக்கவில்லை. ஒமஹாக்காரர் கண்டுபிடித்ததை மற்றவர்களும் கண்டுபிடித்திருந்தார்கள்.

அன்றிரவே சிரில் பரண் பெட்டியில் துழாவித் தன் மான் வேட்டைத் தொலைநோக்கியை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார்.

"சனிக்கிழமை ஆட்டத்துக்கு இதை எடுத்துட்டுப் போ. பந்தைப் பாக்காத. கோரிய மட்டும் பாரு. வட்டத்துலருந்து கெளம்பறதுலருந்து அவன் குனியற வரைக்கும்."

"ஏன்?"

"பாரேன்."

"சிரில், கல்யாணம் ஆனதுலருந்து நீ எங்கிட்ட மொத்தமா சேந்தாப்ல இவ்வளவு சொன்னதில்ல. என்ன விஷயம்?"

"பாத்தாத் தெரியும். தெரிஞ்சா அவன்கிட்ட சொல்லு."

லொரெய்ன் தொலைநோக்கியை எடுத்து அதன் வழியாகக் கணவரின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் ஒன்றும் தெரியாது. "சரி," என்றார்.

சனிக்கிழமைக்குப் பயிற்சியாளர் கோரிக்குத் தேதி குறித்திருந்தார். அதுதான் கடைசி வாய்ப்பு. சிரில் வாரம் முழுக்க ஒரு பேருந்தின் பிரேக்கை இரண்டு தரம் கழற்றி மாட்டினார்.

வியாழக்கிழமை மதியம் வானொலியில் செய்தி வந்தது. உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்த தொற்று நோய் ஓஹையோவுக்கும் வந்துவிட்டது. கூடைப்பந்து நின்றது, பள்ளிகள் மூடப் போகின்றன. மாலையில் வசந்தகால லீக்கும் நின்றது. பாதி ஆட்டம்தான் ஆகியிருந்தது. கோரி தன் சாமான்களைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு நின்றான்.

"வந்த வருஷத்துலயே மூடிட்டாங்களா?" என்றார் லொரெய்ன்.

"மூடல. நிறுத்தி வெச்சிருக்காங்களாம். மறுபடி ஆரம்பிக்கலாம்னாங்க."

சிரில் வாயைத் திறக்க இருந்தவர், மூடிக்கொண்டார். பின்கட்டுக்குப் போய்ச் சாலுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"நின்னா முடிஞ்ச மாதிரியா?"

"எனக்கும் அதான் தெரியல," என்றார் சால். "மறுபடி ஆரம்பிச்சா அதே ஒமஹாதான் வருவான். நீ முடிவு பண்ணு சிரில். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சிரில் காத்திருப்பது என்று முடிவு செய்தார். தினமும் வெறிச்சோடிய பணிமனைக்குப் போய், மின்கலம் செத்துப்போகாமல் இருக்க, ஒவ்வொரு பேருந்தாகக் கொஞ்ச நேரம் ஓட விட்டார். வீட்டில் கோரி படிக்கட்டில் ஏறி இறங்கி உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டான். மறுபடி அழைப்பார்கள் என்று நம்பினான். சிரிலும் ஒரு மனதால் அதை வேண்டினார், இன்னொரு மனதால் வேண்டாம் என்றார்.

ஈஸ்டரை ஒட்டி லீக் கதவைச் சாத்தியது. அலுவலகத்திலிருந்து யாரோ ஒரு பெண், எல்லா ஆட்டக்காரர்களையும் ஒரே அழைப்பில் சேர்த்து, எழுதி வைத்ததைப் படித்தார். கோரி தொலைபேசியை மேசையில் கவிழ்த்தான். அவன் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னே சிரில் பேசினார்.

"நீ வரிசைக்கு வந்து நிக்கறப்போ வலது கையைத் தொடையில துடைக்கற. பந்து உனக்கு வரப்போ மட்டும். ஒமஹாக்காரன் அதைத்தான் பாத்தான்."

கோரி தன் கையைப் பார்த்தான். விரித்தான். "யார் சொன்னது?"

"அவங்க கோச். எனக்குப் பின்னாடி நின்னு சொன்னார்."

"ஒமஹா ஆட்டத்துலயா? பிப்ரவரியிலயா?"

"ஆமா."

"நான் உங்கிட்டக் கேட்டேன்." அவன் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கக் கடினமாக இருந்தது. "இங்கதான் உக்காந்துட்டிருந்தேன். உனக்கு ஏதாவது தெரிஞ்சுதான்னு கேட்டேன்."

"கேட்ட."

"வேற யாருக்குத் தெரியும்?"

பொய் சொல்ல சிரிலுக்கு இன்னொரு முறை தெம்பில்லை. "சாலுக்கு."

"சால்கிட்ட சொல்லலாம். எங்கிட்ட சொல்லக் கூடாது." கோரி எழுந்தான். "ஒமஹாவுக்குத் தெரியும், சாலுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியல."

அவன் மாடிக்குப் போனான். லொரெய்ன் பாத்திரம் துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அந்தத் தொலைநோக்கி இதுக்குத்தானா?" என்றார். சிரில் தலையசைத்தார். "உன்னை என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல," என்றவர் அவர் முன்னால் சூப்புக் கிண்ணத்தை வைத்தார், வழக்கத்தைவிடச் சத்தமாக.

சில நாள் கோரி அவரோடு பேசவில்லை. சிரில் சமாதானம் சொல்லப் போகவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் இருந்ததற்குச் சொல் அவரிடம் இல்லை. பிறகு ஒரு மாலை, பனி முழுக்க உருகிச் சேறாகக் கிடந்த பின்முற்றத்திலிருந்து கோரி சமையலறை ஜன்னலைத் தட்டினான்.

"வெளிய வா."

சிரில் போனார். கோரி கையுறை போட்டிருந்தான். வேலியோரத்தைக் காட்டினான். "அங்க நில்லு. மைதானத்துல எவ்வளவு தூரமோ அவ்வளவு."

சிரில் போய் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மறுபடி ஆட்டம் வந்தா கம்பு பிடிக்கப் போவியா?" என்றான் கோரி.

"போவேன்."

"வேற எவனோட பையனைப் பத்தி ஏதாவது காதுல விழுந்தா?"

"விழாது."

கோரி மூக்கால் சிரித்தான். மன்னித்த சிரிப்பு என்று சொல்ல முடியாது. பெரிய லீக்கிலிருந்து அந்த வருடம் அவனுக்கு யாரும் அழைக்கவில்லை. அழைப்பார்கள் என்று அன்றைக்கு நினைத்தானோ என்னவோ. நாலடி நடந்து வந்து, கற்பனையான ஒரு வரிசையில் நின்று, குனிந்தான்.

"துடைச்சனா?"

"துடைச்ச."

திரும்பிப் போய் மறுபடி வந்தான். "இப்ப?"

"துடைச்ச."

பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர் நின்று வேடிக்கை பார்த்தார். சிரிலுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை. நடுவர் இல்லை, சங்கிலி இல்லை, பார்ப்பதற்கு அவனைத் தவிர ஒன்றும் இல்லை. கோரி சேற்றில் பாதம் பதிய மறுபடி நடந்து வந்தான். வலது கை தொடையை நோக்கிப் போயிற்று. நடுவில் நின்றது. காற்றில் ஒரு நொடி அப்படியே தொங்கிவிட்டு மேலே வந்தது.

கோரி குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பினான். "சொல்லு."

"பாதி," என்றார் சிரில். "இன்னொரு தரம் வா."